முதல் பாதி கண், மறுபாதி கை

மார்ச் 4

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். "நாங்கள் எல்லோரும் நலம்" என்று ஆரம்பித்துத்தான் பழக்கம். இப்போது "எல்லோரும்" என்று எழுத ஆளில்லை. நான் நலம். என்னுடையது அஞ்சாம் கிளாஸ் எழுத்து, தப்பு இருந்தால் நீயே கூட்டிக் குறைத்துப் படித்துக்கொள்.

லாண்டரிக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டேன். அதே மடிப்பு மேசைதான். கைக்கு வேலை இருந்தால் தலை கொஞ்சம் சும்மா இருக்கிறது. வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கண்ணன் கடைசியாக வீடியோ எடுத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்ட நாடகம். காட்டைப் பற்றிய கதை. பிள்ளைகள் மரமாகவும் முயலாகவும் வருவார்கள். புதுக் கேமராவில் எடுத்தார். பாதி வெட்டி ஒட்டி வைத்திருந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போன வாரம் பெரிய டீச்சர் வீட்டுக்கு வந்தார். "எம்மா, இந்த வருஷத்தோட பசங்க எல்லாம் வேற வேற ஸ்கூலுக்குப் போயிடுவாங்க. நீங்க சிரமப்பட வேணாம். அந்த டிஸ்கை அப்படியே குடுத்துடுங்க, வேற ஸ்டூடியோவுல முடிச்சுக்கறோம்" என்றார். நல்ல மனுஷி, கண் கலங்கித்தான் சொன்னார். "கொஞ்சம் டைம் குடுங்க டீச்சர்" என்று அனுப்பிவிட்டேன்.

ஏன் என்றால், அவர் வந்து போனதும் நான் அதைப் போட்டுப் பார்த்தேன். அவருடைய கம்ப்யூட்டர் மிஷினைப் போடவும், கீபோர்டில் நீளப் பொத்தானை அமுக்கி ஓட்டவும் எனக்குத் தெரியும். முதல் பாதி முழுக்க மங்கல். கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் எப்படி இருக்கும், அப்படி. மறுபாதி அதைவிட மோசம். ஒரு பிள்ளை கையைத் தூக்கினால் கை பாதியில் நிற்கிறது, அப்புறம் பார்த்தால் பிள்ளையே வேறு இடத்தில் நிற்கிறது. படம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நடுவில் அவர் குரல் வருகிறது. அதுவும் துண்டு துண்டு.

எனக்குப் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். முதல் பாதியில் அவர் கண் விட்டுப்போயிருக்கிறது, மறுபாதியில் கை. அந்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து டீ கிளாஸைப் பிடித்தாலே தளும்பும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அவர் எடுத்தால் படம் கல்லு மாதிரி நிற்கும் என்று பேர். அந்தப் பேரைப் பார்த்து வேற ஸ்டூடியோக்காரன் "ச்சு" கொட்டும்படி விட மாட்டேன். இது அவரே கெடுத்த படம்தான் என்றால் என் கையாலேயே அழித்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். கெடுக்கவில்லை என்றால் தலை நிமிர்ந்து கொடுப்பேன். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும். மிஷின் தெரிந்த ஆள் நம்மில் நீ ஒருத்தன்தான்.

நீ வர வேண்டாம். போனும் பண்ண வேண்டாம். எழுது, போதும். கோபித்துக்கொள்ளாதே.

அண்ணி

தூசு படக்கூடாது என்று மிஷினுக்குப் பூப்போட்ட தலையணை உறையைப் போர்த்தி வைத்திருக்கிறேன். ஜோடியில் இன்னொன்று எங்கே போனதோ, வீடு முழுக்கத் தேடியாச்சு.


மார்ச் 11

அண்ணிக்கு,

முதலில் ஒன்று. எதையும் அழிக்காதீர்கள். கீபோர்டில் டெலிட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதன் மேல் ஒரு தீப்பெட்டியை ஒட்டி வையுங்கள். பசையோடு.

இரண்டாவது, என் மனசில் இருப்பது. உங்களை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. காரியம் எல்லாம் முடிந்து நான் ஊருக்குக் கிளம்பினபோதுகூட என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டீர்கள். இப்போது வரவே வேண்டாம் என்று எழுதுகிறீர்கள். நான் என்ன செய்தேன் அண்ணி? அண்ணன் போனதும் தம்பி வேற்றாள் ஆகிவிட்டானா? சோறு போட்டு வளர்த்தவர் நீங்கள், திட்டுவதற்கு உரிமை இருக்கிறது. திட்டாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

சரி, மிஷின். அந்த டப்பாவை அண்ணனுக்குக் கூட்டிக்கொடுத்ததே நான்தான். பழைய கேமராவுக்கு அது தாராளம். புதுசு வாங்கப் போகிறார் என்றதும் சொன்னேன்: "அண்ணே, நீ யானை வாங்குற. வீட்ல இருக்கறது ஆட்டுக் கொட்டகை. படத்தைப் பாத்தாலே அது படுத்துக்கும்." அதற்கு அவர், "போடா திருப்புளி, யானையை எப்படி மடக்கி உள்ள விடறேன்னு பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ரேடியோவைக் கழற்றிப் போட்ட வயசில் வைத்த பேர், கடைசி வரை அதுதான். நான் சொல்லி அவர் எதைக் கேட்டார்!

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். முதல் பாதி மங்கல் சரி, ஆனால் நிற்காமல் ஓடுகிறதா? மறுபாதியில் படம் நின்றுபோகும்போது, அந்த நின்ற படம் தெளிவா, மங்கலா? அப்புறம் பவரை அணைத்து, வயர்களைப் பிடுங்கிவிட்டு, டப்பாவின் இடது பக்கத் தகட்டைத் திறந்து உள்ளே என்னென்ன தெரிகிறது என்று எழுதுங்கள். பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை, கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படி.

உங்கள்,
திருப்புளி


மார்ச் 19

தம்பிக்கு,

நீ ஒன்றும் செய்யவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் குரல் உங்கண்ணன் குரல். சின்ன வயசில் அப்படி இல்லை, மீசை முளைத்ததும் அப்படியே ஆகிவிட்டது. நீ வீட்டுக்கு வந்தால் நான் அடுப்படியிலிருந்து "என்னங்க" என்று உனக்குப் பதில் சொல்லி, நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்களே. அன்றைக்கு நீ கிளம்பும்போது கூடத்தில் நின்று "வண்டி வந்தாச்சா?" என்று யாரையோ கேட்டாய். எனக்கு ஒரு நிமிஷம் அவர் எழுந்து வந்துவிட்டார் என்றே பட்டது. அதனால்தான் உள்ளே ஓடினேன். போன் அடித்தால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எடுத்தால் அந்தக் குரல் வரும், வந்து அது அவர் இல்லை என்று ஆகும். அதை என்னால் முடியாது. இதை எழுதவே கை வரவில்லை. எழுதிவிட்டேன், நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நீ கேட்டதற்குப் பதில். முதல் பாதி தண்ணீர் மாதிரி ஓடுகிறது, ஆனால் மங்கல். மறுபாதி நிற்கிற இடத்தில் படம் தெளிவாகத்தான் இருக்கிறது. மரவேஷம் போட்ட ஒரு பெண் குழந்தைக்கு முன்பல் இல்லாததுகூடத் தெரிந்தது.

டப்பாவைத் திறந்தேன். கடவுளே, லாண்டரி டிரையர் வலையில்கூட அவ்வளவு பஞ்சு சேராது. அவர் லென்ஸ் துடைக்கிற பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுத்தேன். உள்ளே ஒரு காற்றாடி. பக்கத்தில் சீப்பு மாதிரி ஒரு பச்சைப் பலகை நிற்கிறது, அதை ஒட்டி அதே மாதிரி மூன்று இடம் காலி. கீழே டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி, கனமாக இருக்கிறது. நடுவில் நீளமாக ஒரு பள்ளம், அதில் ஒன்றுமே இல்லை.

அவர் அதன் முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பார், பார்த்திருக்கிறாய் அல்லவா? நான் பக்கத்தில் துணி தைத்துக்கொண்டிருப்பேன். ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு எங்கேயாவது உறுத்தினால், "இங்க வெட்டுங்க" என்பேன். "ஏன்?" "அந்தம்மா சிரிப்பு முடிஞ்சிடுச்சு, இனிமே பல்லுதான் தெரியும்." சிரித்துக்கொண்டே வெட்டுவார். ஒரு நாளும் "உனக்கென்ன தெரியும்" என்று சொன்னதில்லை. அந்த மாதிரி மனுஷனை எங்கே பார்க்கப் போகிறேன்.

பெரிய டீச்சர் மறுபடி ஆள் அனுப்பினார். பரீட்சை முடிவதற்குள் வேண்டுமாம்.

அண்ணி


மார்ச் 27

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டு படித்தேன். படித்து முடித்தபோது முதலாளி வந்து, "என்னடா, தூசியா?" என்றார். ஆமாம் என்றேன். கம்ப்யூட்டர் கடையில் அது ஒரு வசதி.

என் குரலை நான் என்ன செய்ய? அதற்கு மட்டும் ஸ்பேர் பார்ட் வருவதில்லை. சரி அண்ணி. கடிதமே இருக்கட்டும். நான் கூப்பிட மாட்டேன்.

இப்போது கேளுங்கள். அண்ணன் கண்ணும் போகவில்லை, கையும் போகவில்லை.

புதுக் கேமரா படத்தைப் பெரிதாக எடுத்து, இடம் பிடிக்காமல் இருக்க இறுக்கி மடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் ஐம்பது விரிப்பை ஒரு மூட்டையில் அழுத்திக் கட்டுவது போல. திரையில் ஓட வேண்டும் என்றால் மிஷின் அதை ஓடுகிற வேகத்திலேயே பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த டிபன் பாக்ஸ் இருக்கிறதே, அது மூட்டை இருக்கும் அறை. பழசு, மெதுவாகச் சுழல்கிற டிஸ்க், வாசல் குறுகல். பச்சைச் சீப்புக்கு ரேம் என்று பேர், அதுதான் உங்கள் மடிப்பு மேசை, அதுவும் ஒன்றே ஒன்று. காலியாக இருக்கும் நீளப் பள்ளத்தில் மூட்டை பிரிக்கவே தனியாக ஒரு ஆள் உட்கார வேண்டும். ஆளே இல்லை. குறுகல் வாசல், சின்ன மேசை, ஆளும் இல்லை என்றால் உங்கள் லாண்டரி ஓடுமா? அதனால்தான் மறுபாதி நின்று நின்று குதிக்கிறது. கை நடுங்கின படம் ஆடும், அண்ணி. நின்று குதிக்காது.

முதல் பாதி? அதுதான் என் சந்தேகம். "யானையை மடக்கி உள்ள விடறேன்" என்றாரே! ஒவ்வொரு படத்துக்கும் சின்னதாக, மட்டமாக ஒரு நகல் செய்து, அந்த நகலை வைத்து வெட்டியிருக்கிறார். நகல் லேசானது, நிற்காமல் ஓடும், ஆனால் மங்கலாகத் தெரியும். வேலை முடிந்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் நகல் போய் அசல் வந்து உட்காரும். முதல் பாதிக்கு நகல் எடுத்துவிட்டார். மறுபாதிக்கு எடுப்பதற்குள் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். இல்லாத மிஷினை வைத்து இவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறார் பாருங்கள். தினமும் புது மிஷின் கூட்டுகிற எனக்குக்கூட அந்தப் பொறுமை கிடையாது.

நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அதனால் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் மூன்று பச்சைச் சீப்பு, உள்ளங்கை அளவுக்குச் சுழலாத ஒரு புது டிஸ்க், மூட்டை பிரிக்கிற ஆளாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு என் மிஷினிலிருந்து கழற்றினது. நான் அதில் கேம்ஸ்தான் ஆடிக்கொண்டிருந்தேன், அதற்கும் ஒரு மரியாதை கிடைக்கட்டும். தனியாகக் கரண்ட் கேட்காத சின்ன கார்டு, பயப்படாதீர்கள். சீப்புக்கு ஒரு பக்கம் வெட்டு இருக்கும். வெட்டும் மேடும் பொருந்தினால் அமுக்குங்கள், இரண்டு பக்கமும் "டக்" என்று கேட்க வேண்டும். கார்டை நீளப் பள்ளத்தில். டிஸ்குக்கு இரண்டு வயர், படம் வரைந்து வைத்திருக்கிறேன். பிறகு பள்ளிக்கூடப் படங்களைப் புது டிஸ்குக்கு இழுத்துப் போடுங்கள். "எங்கே?" என்று மிஷின் கேட்டால் புது இடத்தைக் காட்டுங்கள்.

தொடுவதற்கு முன்னால் குழாயையோ ஜன்னல் கம்பியையோ ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் சேர்ந்திருக்கும் கரண்ட் அதில் இறங்கிவிடும்.

திருப்புளி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

எல்லாவற்றையும் பொருத்தினேன். லாண்டரியில் யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா? ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தேன். எதிர்வீட்டம்மா, "என்ன, கம்பியைப் புடிச்சுக்கிட்டே நிக்கறே, ஷாக்கா?" என்று கேட்டாள். சீப்பு முதலில் ஏறவில்லை, திருப்பிப் பிடித்திருந்தேன். சரியாகப் பிடித்ததும் "டக்" என்றது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சந்தோஷம், அது ஏன் என்று கேட்காதே. ரொம்ப நாள் கழித்து என் கையில் ஒன்று சரியாக உட்கார்ந்தது.

கழற்றின வயர் எல்லாவற்றையும் அவர் எங்கே சொருகியிருந்தாரோ அங்கேயே சொருகினேன். டிவி மாதிரி இருக்கிற திரையின் வயருக்கு அவர் நீல டேப் ஒட்டியிருந்தார், அந்த ஓட்டைக்கும் நீல டேப். ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை.

மிஷின் எழுந்தது. முன்னைவிடச் சீக்கிரம் எழுந்தது. நீளப் பொத்தானை அமுக்கி மறுபாதியை ஓட்டினேன்.

அதே கதைதான், தம்பி. கொஞ்சம் தூரம் ஓடி, நின்று, குதிக்கிறது. முயல் வேஷப் பிள்ளை மேடையில் பாதியில் காணாமல் போய் ஓரத்தில் வந்து நிற்கிறது. அவர் குரல், "பா... பாத்... பாத்து..." இதற்குமேல் கேட்க முடியாமல் அணைத்துவிட்டேன்.

உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். நான் உடைந்துபோகக் கூடாது என்று கதை கட்டி, உன் மிஷினைப் பிரித்துச் சாமானையும் அனுப்பியிருக்கிறாய். உங்கண்ணன் இருந்தால் உன்னைத் தலையில் தட்டிச் சிரித்திருப்பார். ஆனால் நான் கேட்டது ஆறுதல் இல்லை. இவ்வளவு மாற்றியும் அதுவே என்றால் கோளாறு மிஷினில் இல்லை என்றுதானே அர்த்தம்? கை நடுங்கினால் படம் ஆடும், குதிக்காது என்றாய். அவர் கையை நீ பார்க்கவில்லை. கிளாஸைக் கீழே போட்டுவிட்டு, "கிளாஸ் மேல கோவம், அதான்" என்று என்னைச் சிரிக்க வைப்பார்.

பெரிய டீச்சருக்கு அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டியை இன்றைக்குப் பிய்த்து எடுத்துவிட்டேன். உன் பதில் வரும் வரைக்கும் பொறுக்கிறேன், அதற்குமேல் முடியாது.

அண்ணி


ஏப்ரல் 10

அண்ணிக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். தீப்பெட்டியை ஒட்டுங்கள், உடனே.

கோளாறு நீல டேப்பில். அண்ணன் சொருகின ஓட்டை பழைய ஓட்டை. அது மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையின் ஓட்டை. திரை இன்னும் பழைய வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூட்டை பிரிக்க நான் அனுப்பின ஆள் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் யாரும் வேலை சொல்லவில்லை. டப்பாவின் பின்பக்கம், கொஞ்சம் கீழே, புதுக் கார்டு எட்டிப்பார்க்கும். அதிலும் அதே மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். நீல டேப் வயரைப் பிடுங்கி அதில் சொருகுங்கள். இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். அவர் வைத்ததை நீங்கள் நகர்த்த மாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் பாதிக்கு: படம் ஓடும் கட்டத்துக்குக் கீழே, வலது ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் நீலமாக எரியும். அமுக்கினால் அணையும். அணைந்தால் நகல் போய் அசல் வரும்.

அவர் கையைப் பற்றி நீங்கள் எழுதினது அவர் இருந்தபோது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரிடம் அந்த யானை ஜோக்கை அடித்திருக்க மாட்டேன். ஆனாலும் பாருங்கள். பார்த்துவிட்டு எது செய்தாலும் சரி.

திருப்புளி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீல டேப் வயரைப் பிடுங்கக் கை வரவில்லை. அவர் அழுத்திச் சொருகினது. ஜன்னல் கம்பியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன், இந்தத் தடவை கரண்டுக்காக இல்லை. அப்புறம் பிடுங்கிக் கீழே சொருகினேன்.

மறுபாதி ஓடியது. நிற்கவே இல்லை. முயல் ஓடுகிறது, மரங்கள் ஆடுகின்றன, ஒரு குட்டி யானைக்குத் தும்பிக்கை கழன்று விழுகிறது, எல்லாம் பட்டு விரித்த மாதிரி. படம் கல்லு மாதிரி நிற்கிறது, தம்பி. நாற்காலியில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. நடுங்கினதை நான் என் கண்ணால் பார்த்தேனே, அந்தக் கை எப்படி இப்படி எடுத்தது? பிறகு முதல் பாதிக்குப் போய் நீலப் பொத்தானை அணைத்தேன். மூச்சு விட்ட கண்ணாடியைத் துணியால் துடைத்தது போல் ஆகிவிட்டது. இலைகளைத் தைத்த நூல் தெரிகிறது. நாடகம் ஆரம்பிக்கும் முன் அரங்கத்தின் கண்ணாடிக் கதவு கொஞ்ச நேரம் படத்தில் வருகிறது. அந்தக் கதவில் அவர் தெரிகிறார். பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில், முட்டி மடங்கி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் மேசை. மேசை மேல் மூட்டை மாதிரி ஒன்று. அந்த மூட்டைக்குள் பள்ளம் பண்ணிக் கேமராவைப் படுக்க வைத்திருக்கிறார். இரண்டு கையையும் மூட்டை மேல் போட்டு அழுத்திக்கொண்டிருக்கிறார்.

என்ன மூட்டை என்று உற்றுப் பார்த்தேன். பூப்போட்ட தலையணை உறை. மணல் ரொப்பி, வாயைக் கட்டியிருக்கிறார்.

நான் வீடெல்லாம் தேடினேனே! திருடன். ரொம்ப நேரம் திட்டினேன், ரொம்ப நேரம் சிரித்தேன். கை நடுங்கத்தான் நடுங்கியிருக்கிறது. நீ சொன்னதும் முழுசாகச் சரியில்லை, நான் நினைத்ததும் சரியில்லை. நடுங்குகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்து, அதற்கு வேண்டியதைச் செய்துகொண்டு போயிருக்கிறார். ஸ்டாண்டு இருக்கிறதே என்பாய். அதன் பிடியைத் திருப்பவும் அந்தக் கைதானே வேண்டும்? மிஷின் இல்லையா, நகல் எடுத்துக்கொள். கை இல்லையா, மணல் ரொப்பிக்கொள். யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. இந்த ஆளோடு இத்தனை வருஷம் இருந்தேன், இவ்வளவு பெரிய ஆள் என்று முழுசாகத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. "பா... பாத்..." என்று துண்டு துண்டாக வந்த குரல். இப்போது முழுசாக வந்தது. "பாத்துப்பா, படிக்கட்டு இருக்கு" என்று அந்த முயலிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பெரிய டீச்சர் குரல்: "ஏன் சார், பசங்க நாடகத்துக்குப் போயி இவ்ளோ மெனக்கெடறீங்க? யார் பாக்கப் போறா?" உங்கண்ணன் இருமிவிட்டுச் சொல்கிறார்: "வீட்ல ஒருத்தி இருக்கா டீச்சர். ஒரு நொடி அசைஞ்சாலும் 'இங்க வெட்டுங்க'ம்பா. அவகிட்ட மாட்டாம தப்பிக்கணும்ல."

அதை எத்தனை தடவை ஓட்டினேன் என்று எழுத மாட்டேன். ஒரு தடவைகூட மிஷின் நிற்கவில்லை. உன் கார்டுக்குப் புண்ணியம்.

மிச்சப் பாதியை நானே வெட்டினேன். எங்கே வெட்டுவது என்பது எனக்குத் தெரிந்ததுதான், எதை அமுக்குவது என்பதுதான் தெரியாது. அவர் விரல் போகிற வழி கண்ணுக்குள் இருந்தது. தும்பிக்கை விழுகிற இடத்தை வெட்டவில்லை. அந்தப் பிள்ளை அதை எடுத்து ஒட்டிக்கொண்டு தொடர்ந்து ஆடுவது நன்றாக இருந்தது. அவர் பேசினதை மட்டும் வெட்டினேன். தன் குரல் படத்தில் வந்தால் அவருக்குப் பிடிக்காது. வெட்டினதை எறியவில்லை, அது என்னிடம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் தங்கள் முகத்தைப் பார்த்துக் கத்தின கத்தலில் பாதி வசனம் கேட்கவில்லை. பெரிய டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் எடுத்தா சார் எடுத்ததுதாம்மா" என்றார். "ஆமா டீச்சர்" என்றேன். அடுத்த வருஷமும் நாடகம் இருக்கிறதாம், ஆள் அனுப்பி எடுத்துக் கொடுத்தால் நீங்களே வெட்டித் தருவீர்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். சரி என்று சொல்லப் போகிறேன். அதனால் உன் கார்டை இப்போதைக்குத் திருப்பி அனுப்புவதாக இல்லை.

கடைசியாக ஒன்று. அவர் குரலை நன்றாகக் கேட்டுவிட்டேன். உன் குரல் அவ்வளவு ஒன்றும் அது மாதிரி இல்லை. அவருக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு, சொல்லுக்கு முன்னால் ஒரு இருமல். உனக்கு அதெல்லாம் வர இன்னும் வயசாக வேண்டும். இருந்தாலும் முதல் சொல்லில் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு லீவு. கூப்பிடு. நான் எடுத்ததும், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், "அண்ணி" என்று சொல். அந்தச் சொல்லை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அண்ணி